விரல் நுனியில் கருப்பு

கண் விழித்ததும் அவன் தன் வலது கையைத்தான் பார்த்தான். கட்டைவிரலிலும் ஆட்காட்டிவிரலிலும் கருப்பு. மை இல்லை, எண்ணெய் அழுக்கும் இல்லை. பென்சில் முனையைத் தேய்த்தெடுத்த தூள், தொட்டால் வழுக்குகிற, சாம்பல் பூத்த கருப்பு. இறுகிப்போன பூட்டுக்குள் அந்தத் தூளைத்தான் ஊதுவார்கள். பூட்டுக்காரன் விரலில் அது ஒட்டியிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நேற்று படுக்கப் போகும்முன் அவன் சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தான். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அவனை இந்த அறைக்குள் விட்டு, வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

கதவு பூட்டித்தான் இருந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்து விரல்களை முகர்ந்தான். மரச்சீவல் வாசம், வகுப்பறை வாசம். இது மகளின் படிப்பறை. அவள் மேசையில் கணக்குப் புத்தகமும் காம்பஸ் டப்பாவும் இருந்தன. டப்பா மூடி ஒரு நூலளவு திறந்திருந்தது. உள்ளே காம்பஸின் கூர்முனை கொக்கிபோல வளைந்திருந்தது. அந்த வளைவை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஊரில் வேறு யாரும் கம்பியை அப்படி வளைப்பதில்லை.

கடைத்தெருவில் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, பூட்டின்மேல் கன்னத்தைச் சாய்த்து, உள்ளே ஒவ்வொரு முள்ளும் விழுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் திறப்பான். சாவி தொலைத்தவர்கள் பதறிக்கொண்டு நிற்க, இவன் தூங்குகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். டிக். அவ்வளவுதான். திறந்த பூட்டை அப்படியே விட்டுவிட்டும் வரமாட்டான். மறுபடி பூட்டிப் பார்த்து, கைப்பிடியை இழுத்துப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பூட்டுவதுதான் பாதித் தொழில் என்பான்.

போன வருடம் அந்தக் காது போய்விட்டது. செவிடு ஆகவில்லை. சத்தம் கேட்டது, ஆனால் எந்தச் சத்தத்துக்கும் அர்த்தம் இல்லை. பூட்டுகள் வெறும் இரும்பாகக் கிடந்தன. கடையை மச்சான் கையில் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவன் மாதக்கணக்காகத் திரும்பவில்லை. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. சோறு வந்தது, ஆறிப்போய்த் திரும்பிப் போனது. ஒருநாள் மாடிப்படியில் மனைவி அவனைக் கண்ட கோலத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதன்பிறகு சில வாரங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தான். அங்கே கதவுகளுக்குப் பூட்டே கிடையாது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் மட்டும். இரவில் வராந்தா நெடுகிலும் அவை ஒவ்வொன்றாக விழும். அதில் கேட்க ஒன்றுமே இல்லை. மாட்டுக்கொட்டகைச் சத்தம்.

மாத்திரைதான் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது. டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார், அவன் தொழிலைத் தெரிந்துகொண்டு அவன் பாஷையிலேயே.

"கனவு வரும்போது உடம்பு அசையாம இருக்கணும்னு மூளை ஒரு பூட்டுப் போட்டு வெக்கும். இந்த மாத்திரை சில பேருக்கு அந்தப் பூட்டைத் தளர்த்திடும். கனவுல ஓடினா நிஜத்துல காலை உதைப்பாங்க. சில பேர் எழுந்தே நடப்பாங்க. அப்படி எது நடந்தாலும் என்கிட்ட சொல்லிடணும். நீங்களா நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. வேற மாத்திரை இருக்கு, வேற வழி இருக்கு."

அவன் தலையாட்டினான். ஒரு மாதம் கழித்து, கடையில் துருப்பிடித்த ஒரு பெட்டிப் பூட்டின்மேல் கன்னத்தை வைத்தபோது முதல் முள் விழுந்தது கேட்டது. அங்கேயே அழுதுவிட்டான். மச்சான் ஓடிவந்து, பூட்டு விரலைக் கடித்துவிட்டதோ என்று கையைப் பிடித்துப் பார்த்தான்.

பிறகு கனவுகள் வந்தன.

எப்போதும் ஒரே ஆள். நனைந்த கம்பளிக் கோட்டு, அதற்குமேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான இருட்டு, கையில் இரும்புக் கடப்பாரை. கதவை நெம்பிக்கொண்டு வருவான். கட்டிலில் கிடக்கும் இரண்டு உயிர்களையும் அடித்து நொறுக்கத்தான் வருகிறான் என்பது கனவில் அவனுக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் சண்டை போட்டான். கண்ணைத் தோண்டினான், முழங்காலால் விலாவில் இடித்தான், காதைக் கடித்து இழுத்தான், வாயில் உப்புக் கரிக்கும்வரை கடித்தான். விழித்துப் பார்த்தால் தலையணை கிழிந்திருக்கும், விரல் முட்டிகளில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், மனைவி கட்டிலின் மறுகோடியில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் அவன் முழங்கை அவளுடைய முன்பல்லை உடைத்தது. இன்னொரு நாள் அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைக் கட்டில் சட்டத்தில் மோதினான். அவன் விழித்தபோது அவள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவன் மணிக்கட்டில் சூடாக இருந்தது. அவள் பஸ் டெப்போவில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். யாரும் நம்பவில்லை. விஷயம் தெரிந்த மச்சான் மட்டும், அக்காவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள் மாமா என்றான். சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது, தூக்கம் எப்படி என்று கேட்டார். அவன் வாயைத் திறக்குமுன் மனைவி, நல்லா தூங்குறாரு என்றாள். சொல்லும்போது சேலைத் தலைப்பால் உதட்டை மூடியிருந்தாள். டாக்டரம்மா ஒரு விநாடி அவளைப் பார்த்தார். வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கேட்டான். அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"மாத்திரையை மாத்தி, நீங்க மறுபடி சுவரைப் பாத்துப் படுத்துட்டீங்கன்னா? பல்லு போனா கட்டிக்கலாம். இன்னொரு தடவ அந்த மாடிப்படிய நான் ஏற மாட்டேன்."

அதனால் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மகள் அம்மாவோடு படுத்துக்கொள்வாள். அவன் மகளின் அறையில். கதவில் அவன் கையாலேயே பதித்த பூட்டு இருக்கிறது, இரண்டு பக்கமும் சாவித் துளையோடு. அந்த வீட்டில் எல்லாக் கதவிலும் அதே பூட்டுத்தான். ஒரு தாழ்ப்பாள்கூட வைக்கவில்லை. தன் கருவிகளையெல்லாம் மூட்டை கட்டி அவளிடம் கொடுத்தான். காம்பஸ் டப்பா அவன் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மனைவி கதவைத் திறந்தாள்.

அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சமையலறையில் மகள் பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை போடுவதற்காகத் தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய இடது காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு கருப்புத் தீற்றல். பக்கத்திலேயே இன்னொன்று. கட்டைவிரல். ஆட்காட்டிவிரல்.

"அப்பா, நேத்து ராத்திரி ஏன்பா என் கழுத்துல காது வெச்சுக் கேட்டீங்க? உங்க கை ஜில்லுன்னு இருந்துச்சு."

மனைவி கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அவன் அவளைத் தாண்டிப் போய், அவர்கள் படுக்கும் அறையின் கதவைப் பார்த்தான். பூட்டைச் சுற்றிக் கருப்பு விரல் தடங்கள். அதைத் திறந்து உள்ளே போயிருக்கிறான். திரும்பி வந்து பூட்டியிருக்கிறான். கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்கிறான். பிறகு தன் அறைக்குள் நுழைந்து, அதையும் பூட்டிவிட்டு, நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கிறான்.

கட்டிப் புரளுகிற சண்டையைக்கூட அவன் புரிந்துகொண்டிருந்தான். இந்த அமைதிதான் அவனுக்குப் புரியவில்லை.

அன்று கிளினிக் விடுமுறை. நாளை முதல் வேலையாக டாக்டரம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவானது. இந்த முறை மனைவி எதிர்க்கவில்லை. மகளை மச்சான் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தான். அவள் கழுத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் மச்சான் பார்த்த இடம் அதுதான். பையிலிருந்து ஒரு கனத்த தாழ்ப்பாளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இத வெளிப்பக்கம் மாட்டுங்க மாமா. துளையே கிடையாது. உள்ளேர்ந்து எந்தக் கொம்பன் வந்தாலும் திறக்க முடியாது."

"மாட்டுக்குப் போடுறதடா அது."

"மாடுகூடத் தூங்குறப்ப சும்மா தூங்குது மாமா."

அவன் அந்தத் தாழ்ப்பாளைத் தொடவில்லை. தொட்டால் வராந்தாச் சத்தம் விரலுக்குள் ஏறிவிடும். தாழ்ப்பாள் போட்டால் அவன் நோயாளி. பூட்டுப் போட்டால் இன்னும் பூட்டுக்காரன். அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இத்தனை மாதமாக உயிரைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை மச்சானிடம் எப்படிச் சொல்வது? கடைக்குப் போய், வங்கிப் பெட்டகங்களுக்குப் போடும் வகையைச் சேர்ந்த, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த பூட்டைக் கொண்டுவந்தான். பகல் முழுக்க உட்கார்ந்து பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதையும் இரண்டு பக்கமும் சாவித் துளையோடு கதவில் பதித்தான். பிறகு எல்லாக் கருவிகளையும் பரப்பிவைத்து, கன்னத்தைச் சாய்த்து, திறந்து பார்த்தான். முடியவில்லை. வியர்த்து, கழுத்து வலிக்கும்வரை முயன்றான். முடியவே இல்லை. மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தாழ்ப்பாளையே போட்டுவிடலாமே என்றாள்.

"இத என்னாலயே திறக்க முடியல. பாத்தியா?" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்டதும் அவள் வாதாடவில்லை. உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

இரவு அவளையும் போகச் சொன்னான். மச்சான் வீட்டிலேயே படுத்துக்கொள், காலையில் வா என்றான்.

"உங்களத் தனியா விட்டுட்டா?" என்றாள். அந்தக் கேள்விக்குள் மாடிப்படி இருந்தது. அவள் தங்கிவிட்டாள்.

அறையைத் துடைத்து எடுத்தார்கள். காம்பஸ் டப்பா, பென்சில், ஸ்டேப்ளர், காலண்டர் மாட்டிய ஆணி, ஜன்னல் திரையின் கம்பி எல்லாம் அவளுடைய அறைக்குப் போயின. அவன் பாக்கெட்டுகளை அவளே தடவிப் பார்த்தாள். மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, நெற்றியில் கை வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கதவு மூடியது. புதிய சாவி தயங்கித் தயங்கித் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து, எதிர் அறையில் அவளுடைய பழைய பூட்டும் திரும்பிய சத்தம் கேட்டது.

தூங்கக் கூடாது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வீடு தன் சத்தங்களைப் பரப்பத் தொடங்கியது. குழாயில் தேங்கிய நீர் ஒரு சொட்டாகத் திரண்டு, தயங்கி, தட்டில் விழுவது. ஃப்ரிட்ஜ் மூச்சை இழுத்துப் பிடித்து, நடுங்கி, விட்டுவிடுவது. தெருவில் ஏதோ வண்டி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதன் சட்டத்துக்குள் பல்லைக் கடிப்பது. நடைவழிக்கு அப்பால் மனைவி புரள, கட்டில் ஒருமுறை முனகி அடங்குவது. திரும்பிவந்த காது ஒன்றையும் விடவில்லை. கதவில் புதுப் பூட்டின் எண்ணெய் மணத்தது. அந்த மணத்துக்கு அடியில், ஈரக் கம்பளி.

அவன் மூச்சைப் பிடித்தான்.

ஈரக் கம்பளிதான். வெளியில் மழை இல்லை. நடைவழியில் யாரோ நின்றுகொண்டு, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினார்கள். கடப்பாரையின் முனை தரையைத் தொட்டது. எதிர் அறைப் பக்கம் அது நகர்ந்தது.

இது கனவு என்று சொல்லிக்கொண்டான். நான் விழித்திருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டான். இரண்டும் ஒரே குரலில் வந்தன.

எழுந்தான். கதவு குறுக்கே வரவில்லை. கோட்டுக்காரன் திரும்பினான். கடப்பாரை இவன் தோளில் இறங்கியது, எலும்பு பச்சைக் குச்சிபோல முறிந்தது. வலிக்கவில்லை. பாய்ந்தான். தாடையைப் பிடித்துக் கீழே இழுத்தான், கிழிந்தது. தலையைச் சுவரில் மோதினான். மறுபடி. மறுபடி. கம்பளிக்குள் ஏதோ உடைந்து தளர்ந்தது. கடப்பாரையைப் பிடுங்கி அதன் கூர்முனையை அந்த ஈர இருட்டுக்குள் இறக்கினான். எடுத்தான். இறக்கினான். கையெல்லாம் வழுவழுப்பு. இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஆள் விழுந்தான்.

ஜெயித்துவிட்டான்.

பிறகு கடை. மதிய வெயில். யாரும் இல்லை. மேசைமேல் ஒரு பூட்டு, அவன் இதுவரை பார்க்காத வகை, மெத்தென்று, சூடாக. கன்னத்தைச் சாய்த்தான். உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, வேகவேகமாக. பொறு என்றான். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தான். ஆட்காட்டிவிரலை வைத்தான். பூட்டு திமிறியது. நல்ல பூட்டுகள் திமிறத்தான் செய்யும். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான், பொறுமையாக, அவனுக்கே உரிய பொறுமையோடு. உள்ளே சின்னதாக ஒரு முள், குருத்தெலும்புபோல, வளைந்து கொடுத்தது.

டிக்.

எவ்வளவு அழகான சத்தம். ஓட்டம் நின்றது. திறந்த பூட்டின் அமைதி.

அவன் தூங்கினான். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு யாரும் தூங்காத தூக்கம்.

விழித்தபோது இருட்டு கலங்கத் தொடங்கியிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. தோள் முறியவில்லை. கனவு ஞாபகம் இருந்தது, ஆனால் பயம் இல்லை. ஆள் ஒழிந்தான். டாக்டரம்மாவிடம் அதையும் சொல்லலாம். மனைவி வந்து திறக்கட்டும் என்று காத்துக் கிடந்தான். புதுப் பூட்டு ஜெயித்துவிட்டது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று அவளிடம் காட்ட வேண்டும்.

வெளியே, மச்சானிடம் இருந்த சாவியில் வாசல் கதவு திறந்தது. மச்சானின் செருப்புச் சத்தம். அதற்கு முன்னால் ஓடிவந்த சின்னக் காலடிகள். அவை இவன் கதவை நோக்கி வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, எதிரே ஒரு கதவைத் தட்டின.

"அப்பா. அப்பா, எந்திரிங்க. காம்பஸ் டப்பா வேணும், இன்னிக்கிக் கணக்குப் பரீட்சை."

எதிரே.

அவன் மெல்ல மூச்சை இழுத்தான். புதுப் பூட்டின் எண்ணெய் மணம் இல்லை. தலைமுடி மணம். பவுடர் மணம். தலைக்கு மேலே ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் அலமாரி. அலமாரிமேல் காம்பஸ் டப்பா, ஸ்டேப்ளர், சுருட்டிவைத்த திரைக்கம்பி. வலது கைக்குள் எதுவோ குத்தியது. விரித்தான். அவனுடைய மூக்குக் கண்ணாடியின் கம்பிக் கால். நுனி வளைந்து. கொக்கிபோல.

இடது கை இன்னும் எதன்மேலோ கிடந்தது. அதை எடுக்க அவனால் முடியவில்லை.

"மாமா, அப்பா பேசவே மாட்டேங்கிறாரு."

"அம்மாவ எழுப்பு கண்ணு. சாவி அம்மாகிட்டதான இருக்கு."

சின்னக் காலடிகள் நடைவழியைக் கடந்து வந்தன. இந்தக் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. மேலே ஏறியது. பூட்டியிருந்தது. நன்றாகப் பூட்டி, இழுத்துப் பார்க்கப்பட்டிருந்தது.

"அம்மா."

ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாக ஊறியது. தலையணையிலிருந்து கீழே இறங்கியது. திறந்தே இருந்த வாய். உடைந்த பல். கழுத்து. கழுத்தின் வெளுப்பில் இரண்டு கருப்புத் தடங்கள், அழுத்தமாக, சுத்தமாக, பழைய சாவித் துளையைச் சுற்றிப் படிந்திருக்குமே, அதுபோல.

"அம்மா, கதவத் திறங்க."

அவன் கன்னம், தானாக, அந்தக் கழுத்தின்மேல் சாய்ந்து, திறந்த பூட்டின் அமைதியைக் கேட்டது.